நாலு மாதம் பூட்டிக் கிடந்த வீடு: நீங்கள் பட்டதையும் சொல்லுங்கள்

மொட்டைமாடி

மகளின் பிரசவத்துக்குப் போய் நாலு மாதம் அங்கேயே தங்கிவிட்டேன். போன வாரம்தான் திரும்பினேன். கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். சாக்கடை நாற்றம். வீட்டுக்குள் சாக்கடை எப்படி வந்தது என்று புரியவே எனக்கு அரைநாள் ஆனது.

கிளம்புவதற்கு முன் எனக்கு இருந்த பயமெல்லாம் திருடனைப் பற்றித்தான். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்தேன். பின்கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டேன். ஜன்னல் கொக்கி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். திருடன் வரவே இல்லை. கரப்பான்தான் குடும்பம் குடும்பமாகக் குளியலறைத் தரை ஓட்டை வழியாக வந்து குடியேறியிருந்தது.

இன்னொரு கூத்து ஃபிரிட்ஜ். அதைக் காலி செய்து, துடைத்து, சுவிட்சை அணைத்து, கதவை நன்றாக அழுத்தி மூடிவிட்டுப் போனேன். பொறுப்பாகச் செய்ததாக நினைப்பு வேறு. வந்து திறந்தால் உள்ளே கருப்பு கருப்பாகப் பூசணம். கதவு ரப்பரின் மடிப்புக்குள் அது எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, ரப்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. கதவுக்கு நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துத் திறந்தே விட்டிருக்க வேண்டுமாம். அடைபட்ட ஈரம் எங்கே போகும்?

பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. பூட்டிவிட்டுப் போய் நீங்கள் பட்டது என்ன, அதைச் சொல்லுங்கள்.

குழாய்க்கை

அக்கா, இருபது வருஷமா குழாய் வேலை பாக்குறேன். ஊருக்குப் போயிட்டு வந்தவங்க "வீடே நாறுது, செப்டிக் டேங்க் உடைஞ்சிருச்சு போல"ன்னு பதறிக்கிட்டுக் கூப்பிடுவாங்க. நான் போயி எல்லா ஓட்டையிலயும் ஆளுக்கொரு சொம்பு தண்ணி ஊத்திட்டு வந்துருவேன். அதுக்குக் காசு வாங்கவே கூச்சமா இருக்கும்.

வாஷ் பேசினுக்குக் கீழ குழாய் ஒரு வளைவு வளைஞ்சு போகுதுல்ல, அதுதான் டிராப். அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை வாயுவையும் பூச்சியையும் தடுக்குறது அந்தத் தண்ணிதான். குளியலறைத் தரைக்குக் கீழயும் இதே கதைதான், கழிப்பறைக் கோப்பையிலயும் இதேதான். வீட்டுல ஆள் இருந்தா தினமும் தண்ணி விழும். ஆள் இல்லைன்னா சில வாரத்துல வத்திரும், வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம்.

கிளம்புற அன்னைக்குக் கடைசி வேலையா எல்லா டிராப்லயும் தண்ணிய நிரப்பி, மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்க. எண்ணெய் ஏடு மாதிரி மிதந்து ஆவியாகுறதைத் தடுக்கும். மினரல் ஆயில்னா நல்லது, நாள்பட்டாலும் கெடாது. தரை ஓட்டை மேல ஒரு பிளாஸ்டிக் தாளை விரிச்சு பாரம் வையுங்க. கோப்பை மூடிய மூடிருங்க.

இதெல்லாம் நாத்தத்தோட போச்சு. நான் பார்த்ததுலேயே பெரிய சேதம் வேற. ஒரு வீட்டுல துணி துவைக்கிற மிஷினுக்குத் தண்ணி போற ஹோஸ் வெடிச்சிருச்சு. வீட்டுக்காரங்க போன மூணாம் நாளோ நாலாம் நாளோ, யாருக்குத் தெரியும்? கீழ் வீட்டு மேல்தளத்துல ஓதம் பரவி, சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தப்புறம்தான் தெரிஞ்சது. அதுக்குள்ள மேல மரத்தரை முழுக்கப் படகு மாதிரி வளைஞ்சிருச்சு. மெயின் வால்வை மூடியிருந்தா ஒரு வாளித் தண்ணியோட முடிஞ்சிருக்கும்.

மூடுறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. வால்வை மூடிட்டு ஒரு குழாயத் திறந்து விடுங்க. குழாய்ல இருக்குற மிச்சத் தண்ணி வடிஞ்சப்புறமும் நிக்காம ஒழுகுதுன்னா வால்வு பிடிக்கலைன்னு அர்த்தம். சுத்திச் சுத்தி மூடுற பழைய கேட் வால்வு வருஷக்கணக்கா தொடாமக் கிடந்தா இறுகிப்போயிரும், பலமாத் திருகுனா தண்டே கையோட வந்துரும். அதனால இந்தச் சோதனைய ஒரு வாரம் முன்னாடியே பண்ணுங்க. வாசல்ல வண்டி ஹாரன் அடிக்கும்போது பண்ணாதீங்க.

பனிக்காடு

குழாய்க்கை சொல்வது சத்தியம். நான் குளிர் தேசத்தில் இருக்கிறேன், இங்கே அதே தண்ணீர் வேறு விதமாகப் பழிவாங்கும்.

முதல் வருடம், ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு என்று ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டு இரண்டு மாதம் கிளம்பினேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பள்ளியில் படித்ததுதான், என் வீட்டுச் சுவருக்குள் அதுவே நடக்கும் என்று தோன்றவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், குழாய் பிளந்தது கடுங்குளிரில்; தண்ணீர் வந்ததோ வெயில் எட்டிப் பார்த்த பிறகு. உறைந்திருக்கும் வரை பனிக்கட்டியே அடைப்பாக இருக்கும். உருகியதும் ஆரம்பிக்கும் பாருங்கள். சமையலறைச் சுவரை உடைத்துத்தான் சரிசெய்தார்கள்.

இப்போது மெயினை மூடி, மேல்மாடிக் குழாயையும் ஆகக் கீழே இருக்கும் குழாயையும் சேர்த்துத் திறந்து வடித்துவிடுகிறேன். ஃப்ளஷ் டேங்கையும் காலி செய்வேன். வெந்நீர்த் தொட்டியை வடிப்பதாக இருந்தால் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் சூடேறினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். டிராப்பில் தண்ணீருக்குப் பதில் குழாய்களுக்கென்றே விற்கும் உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுகிறேன். காருக்கு ஊற்றும் சாதாரண வகையை ஊற்றிவிடாதீர்கள், அது விஷம். வீட்டுச் சூட்டை 12, 13 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டுப் போகிறேன். கட்டணம் கொஞ்சம் வரும்தான். சுவரை உடைத்தவனுக்குக் கொடுத்ததை நினைத்துக்கொள்வேன்.

காப்பீடு பற்றி யாரும் பேசவில்லையே! வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருந்தால் சில சேதங்களுக்குப் பணம் கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த வரியை வாசித்துக் காட்டியவர் மிகவும் மரியாதையாகத்தான் வாசித்தார். கிளம்பும் முன் நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

புத்தகப்பூச்சி

பெயருக்கேற்ற தண்டனை எனக்கு.

ஓய்வு பெற்றபின் மூன்று மாதம் ஊர் சுற்றிவிட்டு வந்தேன். புத்தக அலமாரி பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. ஒன்றை உருவினால் அட்டை மட்டும் கையில் வந்தது. உள்ளே மண். கரையான் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அஞ்சுகிற பிராணி, மேல்தோலை விட்டுவிட்டு உள்ளேயே குடைந்து போகும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். தரையோரம் கிளம்பிய மண்கோடு சுவர்மேல் ஏறி, அலமாரியின் முதுகு வழியாக உள்ளே போயிருந்தது. நான் வீட்டில் இருந்திருந்தால் ஒரு நாள் பெருக்கும்போது அந்தக் கோடு கண்ணில் பட்டிருக்கும், உரசித் தள்ளியிருப்பேன், ஆளைக் கூப்பிட்டு மருந்தும் அடித்திருப்பேன். இரண்டு தட்டு போய்விட்டது. அவற்றில் பாதி இப்போது பதிப்பில் இல்லாதவை. அதைப் பற்றி மேலே எழுத மனமில்லை.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் அலமாரிகளைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுகிறேன். அட்டைப்பெட்டி எதையும் தரையில் வைப்பதில்லை. துணி பீரோவைத் திறந்தே விடுகிறேன். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூசணம் பிடிக்கும், மூடிய பீரோவுக்குள் அது சீக்கிரமே அந்த அளவைத் தொட்டுவிடும். கிளம்புகிற நாளில் துணி துவைக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்துவிட்டுப் போன புண்ணியவான் சொல்கிறேன்.

குழாய்க்கை தம்பி சொன்ன எண்ணெய் வைத்தியத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் குழாயில் படிந்து அடைக்காதா? அதைவிட, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லலாமே.

இரண்டாம் சாவி

வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லலாமே! சொல்லலாம், ஐயா. நான்தான் அந்தப் பக்கத்து வீடு.

எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் கிளம்பிவிடுவார்கள், சாவி என்னிடம். நல்ல மனிதர்கள். "சும்மா எட்டிப் பார்த்துக்குங்க" என்பார்கள். அந்தச் சும்மாவுக்குள் பதினோரு செடி இருக்கும். மெயின் வால்வு எங்கே, மின்சாரப் பெட்டி எங்கே, குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, எதையும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை ஃபிரிட்ஜை ஓடவிட்டு, ஃபிரீசரில் மீனையும் வைத்துவிட்டுப் போனார்கள். இடி இடித்த ஒரு ராத்திரியில் பிரேக்கர் விழுந்துவிட்டது. எனக்கும் காய்ச்சல், அந்த வாரம் போகவில்லை. ஒன்பதாம் நாள் நான் உள்ளே போக வேண்டிய தேவையே இல்லாமல் வாசலிலேயே தெரிந்துவிட்டது. சுத்தம் செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

இதே கூத்தில் இன்னொரு ஆபத்து, மின்சாரம் போய்த் தானாகவே திரும்பி வருவது. எல்லாம் உருகிக் கெட்டு, மறுபடி உறைந்து, நல்லதுபோல உட்கார்ந்திருக்கும். ஃபிரீசரை ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கிண்ணத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் உருகியிருக்கிறது. மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள்.

வாசல் விளக்கு பற்றியும் சொல்லணும். திருடனுக்குப் பயந்து அதை இரவும் பகலும் எரியவிட்டுப் போனார்கள். பட்டப்பகலில் எரிகிற விளக்கைப் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். டைமர் வாங்கி ஒரு உள்ளறை விளக்குக்குப் போடச் சொன்னேன், போட்டார்கள். வாசலில் சேரும் தபாலை நான் எடுத்துவிடுகிறேன்.

செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளைத் தயவுசெய்து எடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். டெங்கு பரப்பும் கொசு அந்தத் துளித் தண்ணீரில்தான் முட்டையிடும். சூடான காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கொட்டிவிட்டால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கொசு அவர்கள் வீட்டில் பிறக்கும், கடிப்பது எங்களை.

குழாய்க்கை

புத்தகப்பூச்சி ஐயா, ரெண்டு ஸ்பூன்ல எந்தக் குழாயும் அடைக்காது. திரும்பி வந்ததும் சுடுதண்ணியும் சோப்பும் விட்டா கழுவிக்கிட்டுப் போயிரும். ஆனா உங்க யோசனைதான் ஒசத்தி, ஒத்துக்குறேன். வாராவாரம் ஆள் வந்து தண்ணி விடுற வீட்டுக்கு எண்ணெயே தேவையில்லை. அந்த அக்காவுக்குத்தான் பாவம் வேலை.

திரும்பி வந்த அன்னைக்கு என்னன்னு யாரும் சொல்லலை. மெயினை மெதுவாத் திறங்க. சட்டுனு திறந்தா காலிக் குழாய்ல காத்தும் தண்ணியும் முட்டி, டம்முனு அடிச்சு இணைப்பு விட்டுப்போகும். குழாய்களைக் கொஞ்சமாத் திறந்து வச்சிருந்தா காத்து சீறிக்கிட்டு வெளிய போயிரும். மாசக்கணக்கா குழாய்ல நின்ன தண்ணியக் குடிக்காதீங்க, எல்லாக் குழாயையும் நல்லா ஓடவிட்டப்புறம் குடிங்க.

கீசர்ல கொஞ்சம் கவனம் வேணும். நின்னுபோன வெதுவெதுப்பான தண்ணியில, அதாவது 20-லேர்ந்து 45 டிகிரிக்குள்ள, லீஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா பெருகும். 1976-ல பிலடெல்ஃபியாவுல ஒரு மாநாட்டுக்கு வந்தவங்களுக்கு நிமோனியா வந்தப்பதான் அதை முதல்ல கண்டுபிடிச்சாங்க. குடிச்சு வர்றதைவிட, ஷவர்லேர்ந்து தெறிக்குற பூந்துளிய மூச்சுல இழுத்துத்தான் பெரும்பாலும் வரும். அதனால வந்ததும் வராததுமா ஷவருக்கு அடியில நிக்காதீங்க. கீசரை 60 டிகிரிக்கு ஏத்திச் சூடு பண்ணி, ஜன்னலைத் திறந்து வச்சு, ஷவர் தலைய ஒரு பைக்குள்ள விட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்க. நீங்க அந்தப் பக்கம் நிக்காதீங்க.

ஸ்டெப்னி

குறுக்கே ஒரு வரி. காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்தே வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கியரில் போட்டுச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத் துண்டியுங்கள். அரைச் சார்ஜில் நாலு மாதம் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து அதோடு சரி. புதுசு வாங்கிய வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மொட்டைமாடி

அம்மாடி! ஃபிரிட்ஜ் ரப்பரோடு தப்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. இதையெல்லாம் வாசித்துவிட்டு எழுந்து போய் மெயின் வால்வைத் திருகிப் பார்த்தேன். அசையவே இல்லை. தம்பி சொன்னது ஞாபகம் வந்து அப்படியே கையை எடுத்துவிட்டேன். நாளைக்கு ஆள் வருகிறார்.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி போக வேண்டும், இந்த முறை மூன்று மாதம். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சாவி கொடுக்கலாமா என்று இன்னும் கேட்கவில்லை. இரண்டாம் சாவி, நீங்கள் மட்டும் என் பக்கத்து வீட்டில் இருந்தால் இப்போதே கொண்டுவந்து கொடுத்துவிடுவேன்.

இரண்டாம் சாவி

கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். செடி எத்தனை?