புதுப்பிப்பு: மின்னூல் வாசிப்பானில் சதுரங்கப் பலகை சிதைந்து தெரிந்த சிக்கல் தீர்ந்தது

மின்னூல் செயலியில் சதுரங்கப் பயிற்சி நூலைத் திறந்தால் பலகைப் படங்களில் காய்களுக்குப் பதிலாக வெறும் எழுத்துகளே தெரிகின்றன என்று சென்ற மாதம் ஹற்றனிலிருந்து கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியது பயன் தரவில்லை. நூலில் உட்பொதிந்த எழுத்துருவை இயக்குமாறு ஒருவர் கூறியதே பலித்தது. ஏனெனில் அப்பலகைகள் படங்களே அல்ல, சதுரங்க எழுத்துருவால் அச்சிடப்பட்ட வரிகள், அவற்றின் மேல் நான் தெரிவுசெய்திருந்த தமிழ் எழுத்துரு ஏறியிருந்தது.

எதிர்பாராதது வேறொன்று. அடுத்து எடுத்த, 1921இல் வெளியான கியூபச் சதுரங்க வீரர் கப்பாபிளாங்காவின் நூல், நகர்த்தல்களை எழுதும் பழைய முறையான விவரணைக் குறியீட்டில் இருந்தது. அதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயின் பெயரையிட்டு, கட்டங்களை ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திலிருந்தே எண்ணுவதால், இன்று இ4 எனப்படும் கட்டம் வெள்ளைக்கு ராஜா 4, கறுப்புக்கு ராஜா 5. இது விளங்க இரண்டு மழை மாலைகள் சென்றன.