புதுப்பிப்பு: அப்பாவின் மலக்குடல் கட்டி, ஆபரேஷன் முடிந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: அப்பாவுக்கு மலக்குடலில் கட்டி, கடலூரில் பார்த்த டாக்டர் வயிற்றைத் திறந்து மலம் வெளியேற நிரந்தரமாக வயிற்றில் பை வைக்க வேண்டிவரும் என்கிறார் என்று. "இன்னொருவரிடமும் காட்டுங்கள்" என்றவர்களுக்கு நன்றி. புதுச்சேரியில் காட்டினோம்.

எம்ஆர்ஐ, உள்வழி அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்தார்கள். கட்டி இரண்டரை சென்டிமீட்டர், மலக்குடல் சுவரின் தசை வரை இறங்கவில்லை. அப்படியானால் ஆசனவாய் வழியாகவே எடுத்துவிடலாம் என்றார்கள். ஜெர்மனியின் கெர்ஹார்ட் பூஸ் 1980களில் கொண்டுவந்த முறையாம். குழாயைச் செலுத்தி, கார்பன் டை ஆக்சைடால் மலக்குடலை விரித்து, கேமராவில் பார்த்தபடி கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டித் தைத்துவிடுகிறார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

வெட்டிய துண்டைக் கார்க் பலகையில் குண்டூசி குத்தி விரித்திருந்த போட்டோவை டாக்டர் காட்டினார். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டுக்கா இத்தனை நாள் தூங்காம கெடந்தோம்?" என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாச்சு. ஆனால் முதல் வாரம் மலத்தை அடக்க முடியாமல் அப்பா ரொம்பக் கூசிப்போனார். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். இப்போது மஞ்சக்குப்பம் வரை தனியாகப் போய் வருகிறார்.

பயாப்ஸியில் ஆரம்பநிலைப் புற்றுநோய், வெட்டிய துண்டின் ஓரங்கள் சுத்தம், அங்கே புற்றுநோய் இல்லை. இந்த முறையில், புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களை எடுப்பதில்லை. அதனால் ஆழமாக இறங்கிய கட்டிக்கு இது போதாது, பெரிய ஆபரேஷன்தான். அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப், அதாவது கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது. அடுத்தது பொங்கல் கழித்து.