80 மடங்கா, 28 மடங்கா? வயலுக்குச் சட்டம் கேட்பவருக்கு ஒரு கேள்வி

வெண்ணாற்றங்கரையான்:
குடந்தை வழக்குரைஞர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவு உறக்கம் வரவில்லை. பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கக் கலிபோர்னியா 2006இல் சட்டம் இயற்றியதைப் போலத் தமிழ்நாடும் இயற்ற வேண்டுமாம். காவிரிப் படுகையின் நெல் வயல்களையும் அதில் சேர்க்க வேண்டுமாம். நீர் தேங்கிய வயலில் பிறக்கும் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறதாம். ஐயா, அது 28 மடங்கு. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் (IPCC) ஐந்தாம் அறிக்கையில் 28 என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஓர் எண்ணைச் சரியாக எடுத்து எழுதத் தெரியாதவர் சட்டம் எழுதப் புறப்பட்டுவிட்டார்.

குடந்தை வழக்குரைஞர்:
80க்கும் மேல் என்பதே சரி. அதே அறிக்கையை நானும் படித்திருக்கிறேன். கலிபோர்னியா 2020ஆம் ஆண்டுக்குள் 1990ஆம் ஆண்டின் அளவுக்கு உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. 2016லேயே அந்த அளவுக்குக் கீழே வந்தது. அந்த ஆண்டே 2030க்குள் 1990ஐவிட 40 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று அடுத்த சட்டத்தையும் இயற்றியது. மீத்தேனுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்து மாட்டுப் பண்ணைகளையும் உள்ளே இழுத்தது. நாமோ வரப்பில் நின்றுகொண்டு எண்ணுக்காகச் சண்டையிடுகிறோம்.

வெண்ணாற்றங்கரையான்:
எண்ணுக்குச் சண்டையிடத் தொடங்கியவர் யார்? 80 என்று எழுதியது நீங்கள். போகட்டும், கலிபோர்னியாவைப் பற்றிப் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைப்பது வழக்காடும் பழக்கம் போலும். அங்கே நெல் விவசாயிக்கு எந்தக் கட்டாயமும் வைக்கவில்லை. வயலைக் காயவிட்டும் அறுவடைக்கு முன்பே நீரை வடித்தும் மீத்தேனைக் குறைப்பவருக்குக் கார்பன் வரவு, அதாவது குறைத்த உமிழ்வுக்கு ஈடாக விற்கக்கூடிய சான்று, வழங்கலாம் என்று 2015இல் விதி செய்தார்கள். தங்கள் உமிழ்வுக்கு ஈடாக அந்த வரவை வாங்கக்கூடியவை ஆலைகள். மாட்டுப் பண்ணைகளின் சாணத்துக்கான கட்டாய விதிகூட 2024க்கு முன் வரக்கூடாது என்று சட்டத்திலேயே தவணை இருந்தது. இங்கே நீங்கள் கேட்பது வரவா, தண்டமா?

காயவிடுவதை எங்களுக்கு யாரும் கடல் கடந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவது எங்கள் பாட்டன் காலத்துப் பேச்சு. குறைந்த நீரில் விளைவிக்கும் செம்மை நெல் சாகுபடியில் மயிரிழை வெடிப்பு கண்டவுடன் தண்ணீர் கட்டியும் பார்த்துவிட்டோம். ஆனால் காயவிடுகிறவனுக்கு அடுத்த பாய்ச்சல் எந்த நாளில் வரும் என்ற உறுதி வேண்டும். முறைப்பாசனத்தில், வயலுக்கு வயல் நீர் பாயும் ஊரில், எவன் துணிந்து நீரை வடிப்பான்? சம்பாவில் நிலைமை நேர்மாறு: கார்த்திகை மழையில் வடிகால் வாய்க்கால் முழுவதும் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்க, இடுப்பளவு நீரில் பயிர் அழுகும்போது, வயலைக் காயவிடவில்லை என்று எனக்குத் தண்டம் விதிப்பீர்களா? அப்போதும் அது 28 மடங்குதான்.

கடைமடைக்காரன்:
வெண்ணாற்றங்கரையார் காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றி எழுதியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். வேதாரண்யம் பக்கத்தில் எங்களுக்குக் காய்ச்சல் மட்டும்தான் கிடைக்கிறது. பாய்ச்சல் முழுவதும் உங்கள் பக்கத்தில் தங்கிவிடுகிறது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் உங்கள் வயலில் முழங்கால் நீர் நிற்கும். எங்கள் வாய்க்காலில் ஆடு மேயும். சென்ற குறுவையில் இதே இடத்தில் இதை நான் எழுதியபோது, கடைமடைக்காரர்களுக்குப் பொறுமை இல்லை என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

வெண்ணாற்றங்கரையான்:
பேச்சு மீத்தேனைப் பற்றியது, மடையைப் பற்றியதன்று. பொறுமை இல்லை என்று அன்று சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

வேளாண் மாணவி:
ஐயா இருவருக்கும் வணக்கம். வாயு நூறாண்டில் பிடித்துவைக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால் 28, இருபதாண்டில் பிடித்துவைப்பதைக் கணக்கிட்டால் 80க்கு மேல். இரண்டும் ஒரே அறிக்கையில் இருப்பவை. வேறொன்றையும் கவனிக்க வேண்டும்: யூரியா இட்ட வயலைக் காயவிட்டு நனைக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற மற்றொரு பசுமைக்குடில் வாயு கூடலாம், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 270 மடங்கு.

வெண்ணாற்றங்கரையான்:
மகளே, இரண்டு எண்ணுக்கே இங்கே வழக்கு தீரவில்லை. நீ மூன்றாவதைக் கொண்டுவருகிறாய். ஆனாலும் 28 என்று நீயும் ஒப்புக்கொண்டாயே, அது போதும்.

குடந்தை வழக்குரைஞர்:
80 என்றும் அவர் எழுதியிருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். மாநிலம் சட்டம் போடுவதே தவறு என்பது போலப் பேசும் நீங்கள், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது இனிப்பு வழங்கியவர்தானே?

வெண்ணாற்றங்கரையான்:
வழங்கினேன்; இன்னும் வழங்குவேன். மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் உயிர் நீத்தார். நிலத்துக்கு அடியில் இருக்கும் மீத்தேனை அங்கேயே இருக்கவிட வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள். எண்ணெயும் எரிவாயுவும் ஒன்றிய அரசு மட்டுமே சட்டம் இயற்றும் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், வேளாண்மை என்ற வாசல் வழியாகச் சட்டமன்றம் அந்த 2020 சட்டத்தில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது. உமிழ்வைக் குறைக்கும் சட்டம் வேண்டுமானால் இதைவிட எதைக் கேட்கிறீர்கள்?

குடந்தை வழக்குரைஞர்:
அந்தச் சட்டத்தில் எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற இலக்கு எங்கே இருக்கிறது? ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவே இல்லை என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

வெண்ணாற்றங்கரையான்:
தெரியும், நான் கேட்பதும் அதைத்தான். பழைய கிணறுகளை அப்படியே விட்டுவிட்டு, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிவதையும் விட்டுவிட்டு, கணக்கை என் ஐந்து மா நிலத்தில் தொடங்குவது என்ன நியாயம்? உண்பதற்கு நெல் விளைவிப்பவனும் வாயு எடுத்து விற்பவனும் உங்கள் தராசில் ஒன்றா?

கடைமடைக்காரன்:
ஐந்து மா என்கிறார். சென்ற ஆண்டு எட்டு மா என்று எழுதினார்.

வெண்ணாற்றங்கரையான்:
மூன்று மா குத்தகை நிலம். அதையும் விளக்க வேண்டுமா? விடியற்காலையில் எங்கள் வாய்க்காலுக்கு முறை வருகிறது; மடையைத் திறந்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன். அதுவரை 28.

குடந்தை வழக்குரைஞர்:
80.

கடைமடைக்காரன்:
அந்த மடையை மூடவும் மறந்துவிடாதீர்கள், ஐயா.