திருவிழாப் பொங்கலும் சபை வாக்குவாதமும்: மலையகத்தில் உங்க அனுபவம்?

தலவாக்கலைப் பக்கம்:
எங்க லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) கிறிஸ்தவங்க மூணு விதம். நாங்க அங்கிலிக்கன், கோப்பிக் காலத்து மிஷன் வழியா வந்த குடும்பம். கடைசிக் காம்பரா (லயத்து வீட்டு அறை) மாதா கோயில்காரங்க, அதாவது கத்தோலிக்கர். அக்கா வீட்டு மச்சான் பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். எடுத்ததிலிருந்து எங்களைப் பார்த்தா ஒரே பேச்சு: "உங்க மனக்கண்ணு இன்னும் திறக்கல."

மாரியம்மன் திருவிழா முடிஞ்சு பக்கத்துக் காம்பரா அக்கா பொங்கல் கொண்டாந்தாங்க. "சாமிக்குப் படைச்சதுங்க" என்று சொல்லியே கொடுப்பாங்க, ஒளிவு மறைவு தெரியாத மனுஷி. அம்மா வாங்கி வச்சாங்க. விக்கிரகத்துக்குப் படைச்சதைத் தொடுறதே ஆவிக்குரிய குருட்டுத்தனம்னு மச்சான் சத்தம் போட்டார். அந்த அக்கா காதில் விழாம இருக்குமா? லயத்துச் சுவர் எவ்வளவு தடிப்புன்னு தெரியுந்தானே.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சின்ன வயசிலேயே கொழுந்தெடுக்கப் போனவங்க. பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணி) ஊத்திக் கொடுத்து, "பவுல் இதைப் பத்தி எழுதியிருக்காராமே, வாசிங்க மாப்பிள்ளை" என்றாங்க. பைபிளில் பவுல் அப்போஸ்தலர் எழுதின 1 கொரிந்தியர் 8-ஐ மச்சான் வாசிச்சார்: விக்கிரகம் ஒன்றுமில்லைன்னு அறிஞ்சது சரிதான், ஆனா அறிவு இறுமாப்பை உண்டாக்கும். பிறகு 10: படைச்சதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா, மனசாட்சிக்காகச் சாப்பிடாதே. அங்கே மச்சான் குரல் கொஞ்சம் ஏறிச்சு.

"சரி மாப்பிள்ளை, உங்களுக்காக நான் சாப்பிடல. ஆனா அந்தப் பிள்ளைகிட்ட தட்டைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன். சத்தம் போட்டதுக்கு நீங்கதான் போய்ப் பேசணும்."

போனார். என்ன பேசினாரோ.

பண்டாரவளை:
அம்மா செஞ்சது அருமை. ஆனா எல்லாச் சண்டையும் பொங்கல் சண்டை இல்லை. எங்க சபையில் ஒரு பெரியவர். வேத வசனம் மடமடன்னு ஒப்பிப்பார். கீழ்லயத்துக் கல்யாணத்தில் மட்டும் கை நனைக்க மாட்டார். சாதிதான், வேறென்ன. யோவான் 9-இல் இயேசுவால் பார்வை கிடைச்ச பிறவிக்குருடனை வெளியே தள்ளினது யாரு? "எங்களுக்குத் தெரியும்"னு சொன்னவங்க. நம்ம பெரியவரும் அந்தக் கட்சி.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோட (யூதரல்லாதவங்களோட) சாப்பிடுறதை விட்டு விலகினப்ப, பவுல் எல்லார் முன்னாலயும் கேட்டார் (கலாத்தியர் 2). எங்க உபதேசியார் (சபை ஊழியர்) மத்தேயு 18 வழியில் தனியாப் போய்ச் சொன்னார். பெரியவர் கோபிச்சுட்டு கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டார். உபதேசியார் விடல. ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் அவர் வீட்டுக்குப் போவார், ஜெபம் பண்ணுவார், சாதிப் பேச்சையும் எடுப்பார். பெரியவர் இப்ப கோயிலுக்கு வர்றார். கை நனைச்சாரான்னு மட்டும் கேக்காதீங்க.

பதுளை:
மருமகன் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேணும். மச்சான் இப்ப எப்படி?

தலவாக்கலைப் பக்கம்:
குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லைங்கிறார் இன்னமும். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரோடயும் எடுத்தானேன்னு (அப்போஸ்தலர் 16) நான் கேட்டா, "அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்துச்சா?" என்பார். நல்ல கேள்விதான். எங்க சின்னவளுக்கு அடுத்த மாசம் ஞானஸ்நானம். சாப்பாட்டுக்கு வருவேன், தொட்டிகிட்ட நிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கார்.