வருஷக் கடைசி குடும்ப லெட்டர்ல கொரோனா வந்ததை எழுதலாமா, மறைச்சிடலாமா?

டோல்கேட்_பையன் | டிசம்பர் 17, 2020

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா படிங்க.

நாங்க திருவொத்தியூர், சிஎஸ்ஐ. அப்பா ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. 1987ல இருந்து ஒவ்வொரு டிசம்பரும் சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரு லெட்டர் போடுவாரு. முதல்ல வெள்ளைத்தாள்ல கார்பன் வச்சு எழுதி கிறிஸ்துமஸ் கார்டுக்குள்ள மடிச்சு அனுப்புவாரு, அப்புறம் ஜெராக்ஸ், இப்ப அஞ்சாறு வருஷமா அவர் எழுதுறதை நான் டைப் பண்ணி ஃபேமிலி குரூப்ல போடுறேன். "கர்த்தருடைய பெரிதான கிருபையினால் நாங்கள் யாவரும் சுகம்"னுதான் ஆரம்பிக்கும், ஆனா அதுக்குக் கீழ உள்ளதை உள்ளபடி எழுதிடுவாரு. 2004 லெட்டரை போஸ்ட் பண்ணி முடிச்சதும் சுனாமி, மறுபடி உக்காந்து அத்தனை பேருக்கும் ரெண்டாவது லெட்டர் எழுதினாரு. 2016ல வர்தா புயலுக்கு கரண்ட் போய் மெழுகுவத்தில எழுதினது, பேப்பர்ல மெழுகு சொட்டி கிடக்கும். 2017ல எண்ணூர்கிட்ட ரெண்டு கப்பல் மோதி ஆயில் கொட்டினப்ப பசங்க பக்கெட்ல அள்ளுனது வரைக்கும் எழுதினாரு. நான் பிளஸ் டூல ஒரு பேப்பர் போனது கூட வந்துச்சு, மானமே போச்சு.

இந்த வருஷம்தான் பேனாவை எடுக்க மாட்டேங்குறாரு.

விஷயம் என்னன்னா ஜூன்ல எங்க வீட்ல அப்பாவுக்கும் எனக்கும் பாசிட்டிவ். கதவுல ஸ்டிக்கர் ஒட்டிட்டு போய்ட்டாங்க, 14 நாள் வெளிய வரல. சொந்தத்துல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. தங்கச்சிக்கு வரன் பேசிட்டு இருந்தோம், அது ஒண்ணு, ஹவுஸ் ஓனர் வேற காலி பண்ணுங்கன்னு ஜாடையா சொல்ல ஆரம்பிச்சிருந்தாரு. அதே நேரத்துல, முழு ஊரடங்கு மறுபடி போட்டாங்கல்ல ஜூன் 19ல இருந்து, அந்த வாரத்துல ராயபுரத்துல பெரியப்பா ஹார்ட் அட்டாக்ல இறந்துட்டாரு. நாங்க போகல. போக முடியல. போலீஸ் விடலன்னு அப்பா போன்ல சொல்லிட்டாரு.

டி.எச். ரோடுல நேரா வந்தா அரை மணி நேரம், ரெண்டும் சென்னைக்குள்ள, இ-பாஸ் கூட தேவையில்ல. இது பெரியம்மாவுக்கு தெரியாதா? பெரியப்பாவுக்கு கொரோனான்னு நெனச்சு பயந்துகிட்டு நாங்க வரலன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. ஆறு மாசமா பேச்சு இல்ல, குரூப்ல அப்பா குட் மார்னிங் போட்டா கூட பார்த்துட்டு விட்டுடுறாங்க.

இப்ப லெட்டர்ல இதை எழுதணுமா? அப்பா "எல்லாரும் சுகம், ரெண்டே வரி போதும்"ங்கிறாரு. எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்ணலாம்?

செம்பியம்_சித்தி | டிசம்பர் 17

தம்பி, முதல்ல லெட்டரை விடு, போய் நேர்ல பாரு. நல்லதுக்கு கூப்பிட்டா போகணும், கெட்டதுக்கு கூப்பிடாமலே போகணும்னு சொல்வாங்க, அதுல போகாம விட்டதை குரூப்ல ஒரு மெசேஜ்ல சரி பண்ணிட முடியுமா? அம்பது பேர் படிக்கிற இடத்துல அவங்க முதமுதலா தெரிஞ்சிக்கிட்டா அது இன்னொரு அவமானம். எங்க மாமியார் இறந்தப்ப 20 பேர்தான்னு சொல்லிட்டாங்க, யாரை கூப்பிடுறது யாரை விடுறதுன்னு லிஸ்ட் போட்டோம் பாரு, சாவு வீட்டுல லிஸ்ட்! அந்த லிஸ்ட்டால இன்னைக்கும் ரெண்டு வீட்ல பேசுறதில்ல. அதனால சொல்றேன்.

காசிமேட்டு_காத்து | டிசம்பர் 17

இன்னா தல இத போய் மறைக்கிறீங்க. எங்க தெருவுல ரெண்டு வூட்ல மறைச்சாங்க, கார்ப்பரேஷன்காரன் வந்து வாசல்ல பிளீச்சிங் பவுடர் போட்டுட்டு போனான், அதுக்கப்புறம் மறைக்க இன்னா இருக்கு. உங்க சொந்தக்காரங்கள்ல பாதி பேருக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், நீங்கதான் தெரியாதுன்னு நெனச்சிட்டு கீறீங்க.

எழுத சொல்லு நைனாவ. எங்க வூட்டு கதைய எழுதினா நோட்டு பத்தாது, மீன்பிடி தடைக்காலம் எப்பவும் 61 நாள், இந்த வருஷம் 47 நாளா கொறைச்சாங்க, சரின்னு ஜூன்ல கடலுக்கு போனா மீனை எங்க விக்கிறது, கூட்டம் கூடக்கூடாதுன்றான், ஐஸ் காசு டீசல் காசு கூட கைக்கு வரல. அப்பால நவம்பர்ல நிவர் புயல், போட்டை கட்டி வச்சிட்டு உக்காந்தோம், டிசம்பர் பொறந்தா புரெவின்றான். இதையெல்லாம் சொல்றதுக்கு இன்னா வெக்கம்.

மெளனமான_மெம்பர் | டிசம்பர் 18

எனக்கு அப்பா சொல்றதுதான் சரின்னு தோணுது. வருஷம் பூரா டிவில அதே நம்பர், போன் பண்ணா இருமல் சத்தத்தோட காலர் டியூன், இப்ப குடும்ப லெட்டர்லயும் அதேவா? ஒரு நாளாவது சந்தோஷமா படிக்கட்டுமே. மாடில தக்காளி காய்ச்சது, தங்கச்சி ஆன்லைன் கிளாஸ் எடுக்குறது, அந்த மாதிரி எழுதுங்க.

நைட்_டூட்டி_நர்ஸ் | டிசம்பர் 18

ஜூன்ல நான் கொரோனா வார்டுல இருந்தேன். பேஷண்ட் பக்கத்துல சொந்தக்காரங்க யாரும் இருக்க முடியாது, போனை காதுல வச்சு பேச வைப்போம், அதுல பாதி பேர் "ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு"ன்னு சொல்லிட்டு வைப்பாங்க, கேக்குற எனக்கு தலை சுத்தும். அதனால மறைச்சதுக்காக உங்க அப்பாவை நான் தப்பா நெனைக்க மாட்டேன். அன்னைக்கு நிலவரம் அப்படி.

ஆனா ஒண்ணு, அது அவர் உடம்பு. அவர் சம்மதம் இல்லாம நீங்களா டைப் பண்ணி சேர்த்துடாதீங்க. உங்களுக்கு வந்ததை நீங்க சொல்லலாம், அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. வரன் விஷயத்துல பயப்படாதீங்க, மாப்பிள்ளை வீட்ல யார் யாருக்கு வந்துச்சுன்னு திருப்பி கேளுங்க, பேச்சு அதோட நின்னுடும்.

டோல்கேட்_பையன் | டிசம்பர் 18

நர்ஸ் அக்கா சொன்னது எனக்கு தோணவே இல்ல, நன்றி. மெளனமான மெம்பர், தக்காளி நிவர்ல போச்சு பாஸ் 🙂. வர்ற வாரம் ராயபுரம் போய் பாக்குறேன்.

டோல்கேட்_பையன் | டிசம்பர் 23, ராத்திரி

போய்ட்டு வந்தேன். இன்னைலருந்து லோக்கல் ட்ரெயின்ல எல்லாரையும் ஏத்துறாங்க, பீக் அவர் மட்டும் கூடாது, அதனால மத்தியானமா கிளம்பினேன். ஒம்போது மாசம் கழிச்சு கொருக்குப்பேட்டை வாசனை, மாஸ்க்கையும் தாண்டி வந்துச்சு.

பெரியம்மா வீட்ல இந்த வருஷம் ஸ்டார் கட்டல. உள்ள வான்னு சொல்லல, போன்னும் சொல்லல, கதவைத் திறந்து விட்டுட்டு அடுப்படிக்கு போய்ட்டாங்க. நானே பின்னாடி போய் நின்னுகிட்டு எல்லாத்தையும் சொன்னேன், ஸ்டிக்கர், 14 நாள், அப்பாவுக்கு மூச்சு வாங்கினது, பெரியப்பா போட்டோவை போன்ல வச்சுகிட்டு அவர் ரூம்ல தனியா அழுதது. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா, நான் என்ன ஊரா"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் திட்டு. நல்ல திட்டு.

நான் எதிர்பார்க்காத ஒண்ணு இருக்கு. நாங்க வராததால தெருவே இது கொரோனா சாவுதான்னு முடிவு பண்ணிடுச்சாம். கூடப்பொறந்த தம்பியே வரலையேன்னு. ரெண்டு மாசம் அவங்க வாசப்படி யாரும் ஏறல, பால்காரர் பாக்கெட்டை கேட்லயே வச்சிட்டு போவாராம். அதனால அவங்களுக்கு லெட்டர் வேணும். "ஹார்ட் அட்டாக்னு தெளிவா எழுதச் சொல்லு, நீங்க ஏன் வரலன்னும் எழுதச் சொல்லு, ரெண்டும் சேர்ந்து வரணும்"னாங்க. செம்பியம் சித்தி, நீங்க நேர்ல போன்னு சொல்லலன்னா இது எனக்கு தெரிஞ்சே இருக்காது.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிடல. ஒம்போது மணிக்கு பேப்பர் எடுத்தாரு. இப்ப மூணாவது பக்கம் ஓடுது. எட்டிப் பார்த்தேன், முதல் வரி அதேதான், "யாவரும்"ங்கிறதை மட்டும் அடிச்சிருக்காரு.

இப்ப சின்ன டவுட்டு: டைப் பண்ணி போடவா, இல்ல கையெழுத்தையே போட்டோ எடுத்து போடவா? அடிச்சல் திருத்தல் நிறைய இருக்கு.

காசிமேட்டு_காத்து | டிசம்பர் 23

போட்டோவே போடு தல, அடிச்சது தெரியட்டும். ராயபுரத்துக்கு மட்டும் ஒரிஜினலை கைல குடுத்துடு. 31 ராத்திரி பீச்சுக்கு வுட மாட்டாங்களாம், இல்லன்னா அன்னைக்கு இந்தாண்ட வா, வஞ்சரம் தர்றேன்னு சொல்லியிருப்பேன்.

செம்பியம்_சித்தி | டிசம்பர் 24

பெரியம்மா அச்சு முறுக்கு சுட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லலையே நீ.

டோல்கேட்_பையன் | டிசம்பர் 24

இந்த வருஷம் சுடல சித்தி. அம்மா இப்ப மாவு கரைச்சிட்டு இருக்காங்க, நாளைக்கு ரெண்டு டப்பா அங்க போகுது.