மாட்டு செல்லிலேயே ஜிடி புரதத்தை வைத்துவிட்டால் ஐபிஆர் வராதா?

ஆய்வகவாசி:
1990-ல் வெளிவந்த ஒரு சோதனையை வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். மாட்டு ஹெர்பெஸ் வைரஸ்-1, சுருக்கமாக பிஎச்வி-1, மாடுகளின் மூக்கையும் மூச்சுக்குழலையும் தாக்கும் ஐபிஆர் நோய்க்குக் காரணம். அதன் உறைமேல் பல கிளைக்கோபுரதங்கள், அதாவது சர்க்கரை ஒட்டிய புரதங்கள், இருக்கின்றன. அவற்றில் ஜிடி என்ற ஒன்றின் மரபணுவை மட்டும் மாட்டு செல்லில் சேர்த்தார்கள். செல் தானாகவே ஜிடி-யைச் செய்யத் தொடங்கியது. அப்புறம் வைரஸை விட்டுப் பார்த்தால் தொற்று சரியாக ஏறவில்லை. மனிதருக்கு வரும் ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸுக்கும், பன்றியைத் தாக்கும் சூடோரேபிஸுக்கும் கூட அந்த செல் மசியவில்லை. செல்லில் நடப்பதை ஏன் மாட்டிலேயே செய்யக் கூடாது? மரபணுத் திருத்தம் இன்று எட்டாக்கனி இல்லையே.

வைரஸ்பித்தன்:
நண்பரே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1997-ஐ விட்டுவிட்டீர்கள்.

முதலில் வழக்கமான வழியைச் சொல்லிவிடுகிறேன். ஜிசி, ஜிபி என்ற இரண்டு உறைப்புரதங்களும் செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்து ஒட்டுகின்றன. அடுத்து ஜிடி, நெக்டின்-1 என்ற ஏற்பியை, அதாவது வைரஸ் நுழையப் பிடித்துக்கொள்ளும் செல் புரதத்தை, பிடிக்கிறது. பிறகு ஜிபி-யும் ஜிஎச்-ஜிஎல் என்ற உறைப்புரத ஜோடியும் சேர்ந்து வைரஸ் உறையைச் செல் சவ்வோடு இணைக்கின்றன. செல்லே ஜிடி-யைச் செய்தால் ஏற்பி முன்கூட்டியே அடைபட்டுவிடுகிறது என்பதுதான் உங்கள் சோதனைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சரி. ஆனால் 1997-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஜிடி மரபணுவே இல்லாத பிஎச்வி-1-ஐச் செல்லில் திரும்பத் திரும்ப வளர்த்தபோது, ஜிடி இல்லாமலே தொற்றும் வைரஸ் ஒன்று கிளம்பியது. ஜிஎச்-சில் ஏற்பட்ட மாற்றம் அதற்குக் கைகொடுத்தது. முன்கதவைப் பூட்டினால் பின்கதவு தேடும் ஜாதி இது.

இன்னொன்று. பிறந்ததிலிருந்து தன் உடம்பே ஜிடி-யைச் செய்யும் மாடு அதை அந்நியமாகப் பார்க்குமா? வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்களுக்கு மிக நல்ல இலக்குகளில் ஒன்று ஜிடி. கனடாவின் சாஸ்கடூனில் ஜிடி-யை மட்டுமே வைத்துத் தடுப்பூசி சோதித்தவர்கள் அதை நம்பித்தான் செய்தார்கள். உங்கள் மாடு அந்த ஆயுதத்தைப் பிறக்கும்போதே கீழே போட்டுவிடும்.

ஆய்வகவாசி:
எதிர்ப்பொருள் விஷயம் நியாயமான கேள்வி. ஆனால் 1997 வைரஸ் பரிசோதனைக் குடுவையில் கஷ்டப்பட்டு வளர்த்தெடுத்தது. அதைத் தொழுவத்தில் யார் பார்த்தார்கள்? ஜப்பானில் 2004-ல் செல்லில் ஒட்டாமல் கரைந்த நிலையில் இருக்கும் நெக்டின்-1-ஐச் சுரக்கும் எலிகளை உருவாக்கினார்கள். சூடோரேபிஸ் வைரஸை அவை நன்றாகவே தாங்கின. ஜிடி-க்கும் ஏற்பிக்கும் நடுவில் புகுந்தால் உயிருள்ள விலங்கிலும் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

புறநகர் டாக்டர்:
நான் கால்நடை மருத்துவன். இந்த மாதிரிச் சோதனைகளுக்கு வழக்கமாகப் பயன்படும் எம்டிபிகே என்ற மாட்டு செல் வகை 1957-ல் ஒரு காளையின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. சிறுநீரக செல்லை வைத்து மூக்கு நோய்க்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்!

ஜிசி-யை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸை 4 டிகிரியில் செல்மேல் ஒட்டவிட்டு, கழுவி, 37 டிகிரிக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல் ஊற்றுவார்கள். வெளியே நிற்கும் வைரஸ் சாகும், உள்ளே போனது பிழைக்கும். சில நாள் கழித்து கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டால் ஊதாப் படலத்தில் வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும் பிளேக்குகளை, அதாவது வைரஸ் செல்களைக் கொன்ற இடங்களை, எண்ணலாம். ஜிசி இல்லாத வைரஸ் இதில் தாமதமாக நுழையும், மொத்த விளைச்சலும் சுமார் பத்து மடங்கு குறையும். ஆனால் அதே வைரஸை மாட்டின் மூக்கில் விட்டால் நோயின் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

ஜிஇ என்ற இன்னொரு உறைப்புரதம் நேர் எதிர். அது இல்லாவிட்டாலும் செல்லில் விளைச்சல் கிட்டத்தட்ட அதேதான். மாட்டிலோ நோய் வெகுவாகத் தணிகிறது. ஜிஇ நீக்கிய தடுப்பூசிகள் வந்ததே அதனால்தான். குடுவையை மட்டும் நம்பியிருந்தால் ஜிஇ-யை ஒரு ஓரமாகப் போட்டிருப்போம்.

ஆய்வகவாசி:
டாக்டர், குடுவைமேல் பழி போடாதீர்கள். ஜிஇ இல்லாத வைரஸின் பிளேக் சிறியதாகத்தானே இருக்கும்? ஒரு செல்லிலிருந்து பக்கத்து செல்லுக்குப் பரவும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு என்று எம்டிபிகே அப்போதே காட்டிவிட்டது. திரவத்தில் மிதக்கும் வைரஸை மட்டும் அளந்துவிட்டு ‘வித்தியாசமே இல்லை’ என்று சொன்னால் தப்பு அளந்தவர் மேல்.

வைரஸ்பித்தன்:
பிளேக் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், அதில் சண்டை இல்லை. நெக்டின்-1-க்கு வருவோம். அது வைரஸுக்காக வைத்த கதவு இல்லை, செல்லோடு செல்லைப் பிடித்து வைக்கும் புரதம். மனிதரில் அந்த மரபணு கெட்டால் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் வரும். வெனிசுவேலாவின் மார்கரிட்டா தீவில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. உடம்பு முழுக்க ஜிடி-யைக் கொண்டு அதை அடைத்து வைத்த கன்று எப்படிப் பிறக்கும்? சரி, கன்று நலமாகவே பிறக்கட்டும். 1998-ல் வெள்ளெலி செல்லில் போலியோ ஏற்பியை, அதாவது போலியோ வைரஸ் நுழையப் பிடிக்கும் புரதத்தை, வைத்தபோதும் பிஎச்வி-1 உள்ளே போனது. ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸால் அது முடியவில்லை. நெக்டினை மட்டும் அடைத்து என்ன பயன்?

ஆய்வகவாசி:
ஜிடி போலியோ ஏற்பியையும் பிடிக்கிறது என்றால் செல்லுக்குள்ளேயே இருக்கும் ஜிடி அதையும் அடைக்கலாமே!

புறநகர் டாக்டர்:
‘அடைக்கலாமே’ என்பதை நம்பி யாரும் மாடு வளர்க்க மாட்டார்கள். என் கவலை வேறு. பாதி தடுத்தால் ஆபத்து அதிகம். லேசாகத் தொற்றிய வைரஸ் முகத்துக்குப் போகும் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சில் போய்ப் பதுங்கும். மாடு பார்வைக்கு நன்றாக இருக்கும். கன்று ஈனும்போதோ, லாரியில் ஏற்றும்போதோ மறுபடி கிளம்பி மூக்கு வழியே பக்கத்து மாட்டுக்குப் போகும். ஜிஇ நீக்கிய தடுப்பூசியில் இதற்கு வழி இருக்கிறது. தடுப்பூசி போட்ட மாட்டில் ஜிஇ எதிர்ப்பொருள் இருக்காது, வெளியிலிருந்து தொற்றியதில் இருக்கும், ரத்தத்தில் பிரித்துவிடலாம். ஜெர்மனி அப்படிப் பிரித்துப் பிரித்துக் கழித்துத்தான் 2017-ல் ஐபிஆர் இல்லாத நாடு என்ற அங்கீகாரம் வாங்கியது. உங்கள் மாட்டை மூக்கில் வைரஸ் விட்டுச் சோதித்து, சில வாரம் கழித்து, பதுங்கிய வைரஸைக் கிளப்பிவிடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டு, அப்போதும் வைரஸ் வெளிவரவில்லை என்று காட்டுங்கள். கேட்கிறேன்.

ஆய்வகவாசி:
அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. முழு மாடு இப்போதைக்கு வேண்டாம். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மூச்சுக்குழலின் உள்சவ்வைத் துண்டுகளாக வெட்டி உயிரோடு வைத்து, மேல்படல செல்களில் மட்டும் ஜிடி-யை ஏற்றி, பிஎச்வி-1 எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கலாம். சிறுநீரக செல் என்ற குறையும் தீரும். வைரஸ்பித்தன், அந்தத் துண்டிலேயே ஜிடி இல்லாத உங்கள் 1997 வைரஸையும் விட்டுப் பார்ப்போமா?

வைரஸ்பித்தன்:
விடுங்கள். ஜிசி நீக்கியதையும் ஜிஇ நீக்கியதையும் கூடவே வையுங்கள், டாக்டர் சொன்னதும் அதிலேயே தெரிந்துவிடும்.