2000 ரூபாக்குள்ள மொத கேமிங் ஹெட்செட், எத வாங்கலாம்?

மன்னைப் பய:
அண்ணன்களா நான் மன்னார்குடி பக்கம், லேப்டாப்ல வேலரண்ட்ங்கிற துப்பாக்கிச் சண்ட கேம் ஆடுறேன், இவ்ளோ நாளா போன் இயர்போன்தான், காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல, மைக்ல பேசினா ஃபேன் சத்தம்தான் கேக்குதுங்கிறானுவோ. 7.1னு (சுத்தி எல்லாப் பக்கமும் சத்தம் கேக்குமாம்) போட்டு லைட்டு எரியுற ஒண்ணு பாத்தேன், வாங்கலாமா? வீட்ல ப்ளூடூத் ஒண்ணு சும்மா கெடக்கு, அது ஆவாதா?

தஞ்சை கேமர்:
தம்பி, லைட்டுக்கு காசு குடுக்காத. அந்த வெலையில 7.1ங்கிறது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலைதான், உள்ள காதுக்கு ஒரு ஸ்பீக்கர் தான் இருக்கும். வேலரண்ட் ஆடியோ செட்டிங்ஸ்லயே எச்ஆர்டிஎஃப்னு, சத்தம் எந்தப் பக்கம்னு காட்டுற வசதி இருக்கு, அத ஆன் பண்ணிட்டு சாதா ஸ்டீரியோ போடு, முன்னாடியா பின்னாடியான்னு தெரிஞ்சிடும். அதோட 7.1ஐயும் சேத்து போட்டா கொழப்பிடும்.

குடந்தைக்காரன்:
ப்ளூடூத் வேணாம்பா. சத்தம் லேட்டா வரும், மைக் ஆன் பண்ணா போன்கால் மாதிரி கரகரன்னு ஆயிடும். வயரே வாங்கு.

திருவாரூர் அக்கா:
வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப்ல ஹெட்செட் பின் சொருகுற ஓட்டை ஒண்ணா, இல்ல மைக்குக்குத் தனியா சேத்து ரெண்டா பாரு. ஒண்ணுன்னா பின்ல மூணு வளையம் இருக்கணும், இல்லன்னா மைக் எடுக்காது. மைக்க வாய்கிட்ட இழுத்து வைக்கிற மாதிரி பாரு, ஃபேன் சத்தம் கொறையும். அப்புறம் குஷன் துணில இருக்கட்டும், நம்மூரு சித்திரை வேர்வைக்கு அந்த ரெக்சின் உரிஞ்சு கன்னத்துல ஒட்டும், கருமம்.

மன்னைப் பய:
ஒரே ஓட்டைதான்க்கா. அப்ப துணி குஷன், வயரு. நாளைக்கு கடைல போட்டுப் பாத்துட்டே வாங்குறேன்.